ஒளியை ஆய்ந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம்

மறைந்த அறிஞர்களை இரு வகையாகப் போற்றலாம். அவர்தம் பெயரை மேடைதோறும் முழங்கி மகிழ்வது ஒரு வகை. அவர்கள் எவ்வழி நின்று உண்மையைத் தேடினார்களோ அவ்வழியில் நாமும் சில அடி நடந்து பார்ப்பது மற்றொரு வகை. முன்னது எளிது, பின்னது அரிது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒளியியல் மேதை இப்னுல் ஹைதம் முதல் வகைப் போற்றுதலை நம்மிடையே நிரம்பப் பெற்றுவிட்டார். இரண்டாம் வகைப் போற்றுதலே அவருக்கு இன்னும் கடனாக நிற்கிறது.

அக்கடனை நினைவூட்டும் ஒரு புதுத்துறை நம் காலத்தில் வளர்ந்து வருகிறது. மூளையின் நரம்பணுக்கள் செய்திகளை ஆய்ந்து முடிவெடுப்பதைப் போன்ற பணியை, மின்னோட்டத்தைக் கொண்டு செய்யாமல் ஒளியைக் கொண்டே மிகு விரைவில் செய்து முடிக்கும் ஒளிச்சுற்றுகளை அறிவியலார் உருவாக்கி வருகின்றனர். ஒளி, கண், நரம்பு, அறிவு ஆகிய நான்கினையும் ஒரே நூலுள் வைத்து ஆய்ந்தவர் இப்னுல் ஹைதம். ஆகவே இத்துறையையும் அவர் அன்றே கண்டு சொல்லிவிட்டார் என்று கூறிவிட நாவெழும். அவ்வாறு கூறுவது அவருக்குப் புகழ் சேர்க்குமா என்பதை அவர் வாழ்க்கையையே சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் காலமும்

அபூ அலீ அல்-ஹஸன் இப்னுல் ஹஸன் இப்னுல் ஹைதம் என்பது அவரது முழுப்பெயர். ஏறத்தாழ கி.பி. 965இல், அதாவது ஹிஜ்ரி 354இல், இன்றைய இராக்கிலுள்ள பஸரா நகரில் அவர் பிறந்தார். பிற்காலத்து ஐரோப்பியர் அவரை அல்ஹாஸன் என்று தம் நாவுக்கேற்ப அழைத்தனர். அவர் பிறந்த காலம் அறிவுலகத்தின் விளைச்சற்காலமாகும். பக்தாதில் அதற்கு முன்னரே யூக்ளிடின் வடிவியலும், தாலமியின் வானியலும், கேலனின் மருத்துவமும் அரபு மொழிக்கு வந்து சேர்ந்திருந்தன. மொழிபெயர்த்த நூல்களைக் கற்பதோடு நில்லாமல், அவற்றின் குறை நிறைகளை எடைபோடும் துணிவும் அறிஞரிடையே வளர்ந்திருந்தது.

கணிதம், வானியல், இயற்பியல், மெய்யியல் ஆகிய துறைகளில் இப்னுல் ஹைதம் ஆழ்ந்த புலமை பெற்றார். அவர் இயற்றியனவாகப் பழைய பட்டியல்கள் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நூல்களைக் குறிக்கின்றன. அவற்றுள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை அழியாமல் நமக்குக் கிடைத்துள்ளன. வளைந்த ஆடியொன்றில் எப்புள்ளியில் பட்டு ஒளி நம் கண்ணை வந்தடையும் என்று கண்டறியும் வடிவியற் சிக்கல் இன்றளவும் அவர் பெயராலேயே வழங்கப்பெறுகிறது.

நைல் நதியும் நான்கு சுவர்களும்

அவர் வாழ்வின் பெருந்திருப்பம் எகிப்தில் நேர்ந்தது. நைல் நதியின் பெருக்கை முறைப்படுத்தினால் வெள்ளக் காலத்திலும் வறட்சிக் காலத்திலும் மக்கள் பயனடைவர் என்று அவர் கூறிய செய்தி, கெய்ரோவில் ஆட்சி செய்த பாத்திமியக் கலீபா அல்-ஹாக்கிமின் செவிக்கு எட்டியது. கலீபா அவரை அழைத்து, நகர்ப்புறத்திற்கே வந்து வரவேற்றார் என்று பிற்கால வரலாற்றாசிரியர் அல்-கிஃப்தீ எழுதியுள்ளார்.

ஆட்களோடும் கருவிகளோடும் நதியின் கரை வழியே தெற்கு நோக்கிச் சென்ற இப்னுல் ஹைதம், வழிநெடுகப் பண்டை எகிப்தியரின் கட்டடங்களைக் கண்டார். இத்துணைக் கணிதத் திறமும் கைத்திறமும் வாய்ந்த மக்கள், செய்யக்கூடியதாக இருந்திருந்தால் இவ்வணையையும் கட்டியிருப்பரன்றோ என்ற ஐயம் அவருள் எழுந்தது. அஸ்வானுக்கு அருகிலுள்ள அல்-ஜனாதில் என்னும் இடத்தை அடைந்து நதியின் இரு கரைகளையும் ஆராய்ந்தபின், தம் திட்டம் அக்காலத்துக் கருவிகளால் நிறைவேறாது என்பதை உணர்ந்தார். திரும்பி வந்து கலீபாவிடம் அதனை ஒப்புக்கொண்டார். அதே அஸ்வானில் 1902ஆம் ஆண்டு ஓர் அணையும், 1970இல் பேரணையும் எழுந்தன என்பது ஈண்டு நினையத்தக்கது. எண்ணம் தவறன்று, காலம்தான் கனியவில்லை.

கலீபா அவருக்கு அரசுப்பணி ஒன்றை அளித்தார். எனினும் அல்-ஹாக்கிமின் சினம் எந்நேரம் எவர்மீது பாயும் என்று எவரும் அறியார். அஞ்சிய அறிஞர், சித்தம் கலங்கியவர்போல் நடித்தார். அவருடைய உடைமைகள் பறிக்கப்பட்டன. அவர் வீட்டுக்குள்ளேயே அடைக்கப்பட்டார். 1021இல் கலீபா மறைந்த பின்னரே அவர் தம் தெளிந்த அறிவை உலகுக்குக் காட்டினார் என்பர். பின்னர் அல்-அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலருகே தங்கி, யூக்ளிட், தாலமி முதலியோரின் நூல்களைப் படியெடுத்து விற்று, அவ்வருவாயில் எளிய வாழ்வு நடத்தினார். ஏறத்தாழ 1040இல் கெய்ரோவிலேயே அவர் வாழ்வு நிறைவுற்றது.

கண்ணிலிருந்து புறப்படும் கதிர்

அவருடைய தலையாய படைப்பு ‘கிதாபுல் மனாஸிர்’ என்னும் ஒளியியற் பெருநூல். அது ஏழு பாகங்கள் கொண்டது. அதன் பெருமையை உணர, அதற்கு முன் நிலவிய கொள்கைகளை அறிதல் வேண்டும்.

நாம் ஒரு பொருளைக் காணும்போது நிகழ்வது யாது? கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொட்டு வருகின்றன என்று யூக்ளிடும் தாலமியும் கொண்டனர். அரிஸ்டாட்டில் வழியினர், பொருளின் வடிவம் இடைவெளியின் வாயிலாகக் கண்ணை வந்தடைகிறது என்றனர். முன்னவரிடம் கணிதம் இருந்தது. பின்னவரிடம் இயற்கை விளக்கம் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றன.

இப்னுல் ஹைதம் எளிய அனுபவத்திலிருந்து தொடங்கினார். கதிரவனை உற்றுநோக்கினால் கண் வருந்துகிறது. வெளிச்சமான பொருளை நெடுநேரம் நோக்கிவிட்டுக் கண்ணை மூடினாலும் அதன் சுவடு சிறிது நேரம் நிற்கிறது. ஆகவே வெளியிலிருந்து ஏதோ ஒன்று கண்ணுள் வந்து வினைபுரிகிறது. அந்த ஒன்று ஒளியே. ஒளிபெற்ற பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் ஒளி நேர்கோட்டில் பரவுகிறது; அதன் ஒரு பகுதி கண்ணை அடைகிறது. இக்கருத்தை அவர் யூக்ளிடின் வடிவியலோடு பொருத்திக் காட்டினார். கணிதமும் இயற்கை விளக்கமும் இவ்வாறு ஒருங்கிணைந்தன.

இருட்டறையில் எரிந்த விளக்குகள்

அவருடைய ஆய்வுகளுள் ஒன்றை மாணவர்கள் தம் இல்லத்திலேயே செய்து பார்க்கலாம். ஒரு சுவரில் சிறு துளை. துளைக்கு வெளியே வரிசையாகப் பல விளக்குகள். துளைக்கு உள்ளே இருண்ட அறை. எத்தனை விளக்குகள் எரிகின்றனவோ அத்தனை ஒளிப்பொட்டுகள் அறையின் எதிர்ச்சுவரில் தோன்றும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறையும், மற்றவை மாறா. மறைப்பை அகற்றினால் அது மீண்டும் தோன்றும்.

இதிலிருந்து அவர் பெற்ற முடிவு ஆழமானது. எல்லா விளக்குகளின் ஒளியும் அச்சிறு துளையின் ஒரே இடத்தில் ஒன்றையொன்று கடந்தே செல்கின்றன. அங்கு அவை கலந்து கெட்டுப்போயிருந்தால், சுவரில் தனித்தனிப் பொட்டுகள் தோன்றியிரா. எனவே ஓர் ஒளி மற்றோர் ஒளியின் வழியில் குறுக்கிட்டாலும் இரண்டும் தத்தம் இயல்பு மாறாமல் செல்கின்றன. இம்முடிவை வாசகர் நெஞ்சில் நிறுத்திக்கொள்ளல் வேண்டும். இன்றைய ஒளிச்சுற்றுகளின் பேராற்றலும் பெருங்குறையும் இவ்வொரு பண்பிலேயே அடங்கியுள்ளன என்பதைப் பின்னர்க் காண்போம்.

காண்பது கண்ணா, கருத்தா?

ஒளி கண்ணை அடைந்ததும் காட்சி நிறைவுற்றதாக அவர் கொள்ளவில்லை. கண்ணில் பதிந்த வடிவம் பார்வை நரம்புகளின் வழியே சென்று, இரு நரம்புகளும் கூடுமிடத்தில் ஒன்றாகி, மூளையின் முற்பகுதியை அடைகிறது என்றார். அங்கும் வேலை முடிவதில்லை. ஒளியும் நிறமும் மட்டுமே வெறும் புலனுணர்வால் கிடைப்பவை. தொலைவு, பருமன், உருவம், அசைவு, அழகு உள்ளிட்ட காட்சிப் பண்புகள் மொத்தம் இருபத்திரண்டு என்று கணக்கிட்ட அவர், அவற்றுட் பெரும்பாலானவற்றை அறிவு ஒப்பிட்டும் உய்த்துணர்ந்துமே பெறுகிறது என்றார்.

அவ்வாறாயின், அந்த உய்த்துணர்வை நாம் ஏன் அறிவதில்லை? அது மிக மிக விரைந்து நிகழ்வதால் அறிவதில்லை என்பது அவர் விடை. எழுத்தறிந்த ஒருவர் பழகிய சொல்லைக் கண்டதும், எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படியாமலே அச்சொல் இன்னதென்று உணர்ந்துவிடுகிறார். முன்பு பலமுறை கண்டு மனத்தில் பதிந்த வடிவத்தோடு, இப்போது கண்ட வடிவின் சில அடையாளங்கள் பொருந்தியவுடன் முடிவு பிறந்துவிடுகிறது. பழக்கத்தால் அறிவு விரைவு பெறுகிறது. காண்பது என்பது பெறுதலும் தீர்மானித்தலும் சேர்ந்த வினை என்ற இவ்விளக்கம், பிற்காலத்து உளவியலுக்கு நெடுங்காலம் முன்னரே எழுந்ததாகும்.

ஒளியின் விரைவும் தடையும்

ஒளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்லக் காலம் ஆகிறது என்றும் அவர் கருதினார். அதனை அளந்து காட்ட அன்று வழியில்லை. 1676இல்தான் டென்மார்க் நாட்டு அறிஞர் ரோமர், வியாழனின் துணைக்கோள் ஒன்றை நோக்கி அதற்குச் சான்று கண்டார். அடர்த்தி மிக்க பொருளுள் ஒளி மெதுவாகவும், அடர்த்தி குறைந்ததில் விரைவாகவும் செல்கிறது என்றும், நீரிலும் கண்ணாடியிலும் ஒளி வளைவதற்கு இவ்வேறுபாடு காரணமென்றும் இப்னுல் ஹைதம் விளக்கினார். கருவி அமைத்துக் கோணங்களையும் ஆராய்ந்தார். ஆயினும் ஒளிவிலகலுக்குரிய சரியான விதி அவர் கையில் சிக்கவில்லை. அவ்விதியின் வடிவியல் அமைப்பை அவருக்குச் சற்று முன்னரே, ஏறத்தாழ 984இல், பக்தாத் அறிஞர் இப்னு ஸஹ்ல் கண்டிருந்தார்.

வேறொரு தவறும் அவரிடம் உண்டு. காட்சியை முதலில் உணரும் உறுப்பு கண்ணின் நடுவிலுள்ள பளிங்கு போன்ற வில்லையே என்று கேலன் வழிநின்று கொண்டார். கண்ணுள் பிம்பம் தலைகீழாக விழும் என்பதை ஏற்க மனமின்றி, கதிர்கள் ஒன்றையொன்று வெட்டாதபடி ஒரு விளக்கத்தைப் புனைந்தார். விழித்திரையில் பிம்பம் தலைகீழாகவே விழுகிறது என்று 1604இல் கெப்ளர் தெளிவுறுத்தினார். ஆயின் கெப்ளர் பயன்படுத்திய அடிப்படை, பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி பரவுகிறது என்ற இப்னுல் ஹைதமின் கொள்கையே. மாணவர் ஆசிரியரைத் திருத்தும்போது ஆசிரியர் தோற்பதில்லை.

நூல் சென்ற நெடும்பயணம்

‘கிதாபுல் மனாஸிர்’ ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. ரோஜர் பேக்கன், விட்டெலோ முதலியோர் அதனைக் கற்றனர். 1572இல் பாஸல் நகரில் ரிஸ்னர் என்பவர் அதனை அச்சேற்றினார். கீழ்த்திசையில் பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸீ அதற்கு விரிவுரை கண்டார். நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை மழைத்துளியாக வைத்து ஆராய்ந்து வானவில்லின் தோற்றத்தை அவர் விளக்கினார். நூல் ஆயிரம் ஆண்டு கண்டதையும் நினைவுகூர்ந்தே 2015ஆம் ஆண்டு பன்னாட்டு ஒளி ஆண்டாகக் கொண்டாடப்பட்டது.

நரம்பணுவைப் போன்ற ஒளிச்சுற்று

இனி நம் காலத்துக்கு வருவோம். நரம்பணு ஒன்று பல திசைகளிலிருந்து குறிப்புகளைப் பெறுகிறது. ஒவ்வொரு குறிப்புக்கும் அது அளிக்கும் முக்கியத்துவம் வேறு. அதனை எடை எனலாம். எல்லாவற்றையும் எடையால் பெருக்கிக் கூட்டி, கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் அது துடித்தெழுந்து அடுத்த நரம்பணுவுக்குச் செய்தி அனுப்புகிறது. பழக்கத்தால் எடைகள் மாறுகின்றன, அதுவே கற்றல். இம்முறையைப் பின்பற்றும் செயற்கை நரம்பணு வலைகளே இன்று எழுத்தையும் பேச்சையும் முகத்தையும் இனங்காண்கின்றன. ஆயின் அவற்றுக்குக் கோடிக்கணக்கான பெருக்கலும் கூட்டலும் தேவை. மின்னணுச் சில்லுகளில் எண்களை நினைவகத்திலிருந்து எடுப்பதிலும் வைப்பதிலுமே பெரும் நேரமும் மின்சாரமும் செலவாகின்றன. கம்பிகளில் வெப்பம் உண்டாகிறது.

ஒளிச்சுற்று இதற்கு வேறு வழி காண்கிறது. சிலிக்கான் சில்லின்மேல் ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் அகலமுள்ள மெல்லிய ஒளிவழிகளை அமைக்கின்றனர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அவற்றுள் ஓடுகிறது. சிலிக்கானின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 3.5, சுற்றிலுமுள்ள கண்ணாடிப் பொருளின் எண் ஏறத்தாழ 1.44. இவ்வேறுபாட்டால் ஒளி வெளியே சிதறாமல் உள்ளேயே வழிநடத்தப்படுகிறது. அடர்ந்த பொருளில் ஒளி மெதுவாகச் செல்லும் என்ற பழைய உண்மையே இங்குப் பொறியியலாகிறது.

ஒளிவழியை இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையைச் சிறிது சூடாக்கினால், அக்கிளையில் ஒளியின் விரைவு நுண்ணளவு மாறுகிறது. கிளைகள் மீண்டும் சேரும்போது அலைகள் ஒத்து வந்தால் ஒளி மிகும். எதிர்த்து வந்தால் ஒளி மங்கும். ஆக, சூட்டை மாற்றுவதன் மூலம் வெளிவரும் ஒளியின் அளவை வேண்டியவாறு அமைக்கலாம். உள்ளே வந்த ஒளி ஓர் எண். வெளிவரும் ஒளி அவ்வெண்ணை எடையால் பெருக்கிய தொகை. இத்தகைய அமைப்புகளை வலைபோல் கோத்துவிட்டால், ஒளி கடந்து செல்லும் நேரத்திலேயே பெருக்கலும் கூட்டலும் முடிந்துவிடுகின்றன. அன்றியும், வெவ்வேறு அலைநீளமுள்ள பல ஒளிகளை ஒரே வழியில் அனுப்பலாம். விளக்குகளின் ஒளி ஒரே துளையில் கலங்காமல் கடந்ததுபோல், அவையும் கலங்காமல் கடக்கின்றன. ஒரே நேரத்தில் பல கணக்குகள் நிகழ்கின்றன.

2017இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இத்தகைய 56 அமைப்புகள் கொண்ட சில்லினால் மனிதர் ஒலிக்கும் உயிரொலிகளை இனங்கண்டனர். 2019இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு, எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார், 4 நரம்பணுக்களும் 60 இணைப்புகளும் ஒளியாலேயே இயங்கும் சில்லைச் செய்தனர். மீண்டும் எழுதத்தக்க ஒளித்தட்டுகளில் பயன்படும் பொருளின் வகையைச் சேர்ந்ததே அதில் எடைகளைத் தாங்கியது. 2022இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் செய்த சில்லு, கையெழுத்து வடிவத்தின் ஒளியை நேரே தன்மேல் பெற்று, இன்ன எழுத்தென்று 570 பிக்கோநொடிக்குள் தீர்மானித்தது. ஒரு பிக்கோநொடி என்பது ஒரு நொடியின் இலட்சங்கோடியில் ஒரு கூறு. நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளியே அந்நேரத்தில் வெட்டவெளியில் ஒரு சாணுக்கும் குறைந்த தொலைவுதான் செல்லும். நம் நரம்பணு ஒருமுறை துடிப்பதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகிறது. அது மேற்கூறிய நேரத்தைப் போல் ஏறக்குறைய பதினேழு இலட்சம் மடங்கு.

அவரது அளவுகோலில் அளப்போம்

எழுத்தைக் கண்டவுடன் இனங்காணும் அறிவின் விரைவை வியந்த பேரறிஞர், இச்சில்லைக் கண்டால் யாது செய்வார்? வியப்பார், உடனே ஐயுறுவார். தாலமியின் வானியலில் கண்ட முரண்களைத் தொகுத்து ‘அஷ்ஷுகூக் அலா பத்லமியூஸ்’ என்று ஐயங்களுக்கென்றே ஒரு நூல் எழுதியவர் அவர். முன்னோர் நூலைப் பயில்பவன் அதற்கு எதிரியாகவே தன்னைக் கருதி ஆராய வேண்டும். அத்துடன் தன் ஆராய்ச்சியையும் ஐயுறவேண்டும் என்பது அவர் நெறி.

அந்நெறியில் நின்று கேட்போம். 2017ஆம் ஆண்டுச் சில்லு நூற்றுக்கு 76.7 அளவே சரியாகக் கூறியது. அதே வலையைச் சாதாரணக் கணிப்பொறியில் இயக்கியபோது 91.7 கிடைத்தது. 2022ஆம் ஆண்டுச் சில்லு நான்கு எழுத்துகளைப் பிரித்தறிவதில் 89.8 பெற்றது. நான்கெழுத்து ஒரு மொழியாகாது. ஒளியின் அளவைக் கொண்டு கணக்கிடுவதால் சிறு இரைச்சலும் சூட்டின் சிறு மாற்றமும் விடையைத் திரிக்கின்றன. ஒளியலையைத் தன் அலைநீளத்தினும் மிகக் குறுகிய இடத்தில் அடைக்க இயலாமையால், இவ்வமைப்புகள் மின்னணுச் சில்லின் உறுப்புகளைக் காட்டிலும் மிகப் பெரியனவாக உள்ளன.

யாவற்றினும் பெரிய தடை, விளக்குச் சோதனையில் கண்ட அதே உண்மையாகும். ஓர் ஒளி மற்றோர் ஒளியைக் கலங்கச் செய்வதில்லை. அதனால்தான் பல ஒளிகள் ஒரு வழியில் செல்லலாம்; அதனாலேயே ஓர் ஒளியைக் கொண்டு மற்றோர் ஒளியைத் தடுப்பதும் தூண்டுவதும் கடினம். எல்லையைத் தாண்டினால் மட்டும் துடித்தெழும் நரம்பணுவின் இயல்பு, இடையில் வேறொரு பொருளோ மின்னோட்டமோ இன்றி ஒளிக்குக் கைகூடுவதில்லை. 2017ஆம் ஆண்டு ஆய்வில் அப்பணியைக் கணிப்பொறியே செய்தது. 2022ஆம் ஆண்டுச் சில்லில் ஒளியை மின்னோட்டமாக்கி, அதனைக் கொண்டு மற்றோர் ஒளியை அடக்கும் முறை கையாளப்பட்டது. ஒளி விரைந்து சுமக்கிறது; தீர்மானிக்க வேறொன்று தேவைப்படுகிறது. பெறுதலையும் தீர்மானித்தலையும் அவர் பிரித்துக் காட்டிய எல்லைக்கோடு இன்னும் அழியவில்லை.

ஆயினும் இவ்வாய்வு வீணன்று. செய்தி முன்னரே ஒளியாக வருமிடத்தில் அதனை மின்னோட்டமாக மாற்றாமல் அங்கேயே ஆய்வது பெரும் பயனாகும். கடலடியில் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடும் ஒளியிழைகளில் நேரும் சிதைவைச் சரிசெய்ய ஒளிச்சுற்று நரம்பணு வலை உதவக்கூடும் என்பதை 2021இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட குழு காட்டியுள்ளது. நைல் நதியின் கரையில் அவர் கைவிட்ட எண்ணம் பிற்காலத்தில் அணையாக எழுந்ததுபோல், இன்றைய தடைகளும் நாளை நீங்கலாம். நீங்கும் என்று உறுதி கூறுவது ஆய்வின் முடிவே அன்றி நம் ஆர்வமாகாது.

நிறைவுரை

ஒளிச்சுற்றுகளை இப்னுல் ஹைதம் முன்னறிந்து கூறினார் என்பதற்குச் சான்றில்லை. ஒளி ஓர் அலை என்பதும், அலைகள் கூடிப் பெருகவும் மங்கவும் செய்யும் என்பதும் 1801இல் தாமஸ் யங் விளக்கிய பின்னரே தெளிவாயின. அவர் செய்யாததைச் செய்ததாகக் கூறுவது, அவர் செய்ததன் அருமையை மறைத்துவிடும். இருட்டறையில் ஒரு விளக்கை மறைத்து, எந்தப் பொட்டு மறைகிறது என்று பார்க்கும் பொறுமையே அவர் விட்டுச்சென்ற செல்வம். ஆற்றங்கரையில் நின்று தம் திட்டம் நிறைவேறாதென்று ஆட்சியாளரிடம் ஒப்புக்கொண்ட நேர்மையும் அச்செல்வத்தின் ஒரு பகுதியே.

நம் முன்னோர் பெருமையைக் கேட்டு மகிழும் பெரியோர்கள், அடுத்த முறை அவர் பெயரைச் சொல்லும்போது அவர் கண்ட உண்மைகளோடு அவர் தவறிய இடங்களையும் சேர்த்துச் சொல்வார்களாக. அதனால் அவர் உயரம் குறையாது. மாணவச் செல்வங்கள், ஆய்வுக்கூடத்தில் ஒரு விடை பாடநூலோடு பொருந்தாதபோது, எண்ணைத் திருத்திவிட்டு எழுந்து செல்லாமல், ஏன் பொருந்தவில்லை என்று கேட்டு மீண்டும் ஒருமுறை விளக்கை மறைத்துப் பார்ப்பார்களாக. அக்கேள்வியே அப்பேரறிஞருக்கு நாம் செலுத்தவேண்டிய கடனின் முதல் தவணையாகும்.